விளையாட்டின் விதியை எழுதுவது யார்?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவிகள் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு நினைவாக ஆரம்பப் பிரிவுக்கு ஒரு விளையாட்டு அறை அமைத்துக் கொடுக்க முடிவெடுத்திருக்கிறோம். அறைக்குள் எதை வைப்பது என்பதில்தான் எமக்குள் இன்னும் இழுபறி. சேர்ந்த நிதி முழுவதற்கும் ரப்லெட் வாங்கலாம் என்று வெளிநாட்டுக் கிளைகள் சில எழுதியுள்ளன. அவர்களின் நல்லெண்ணத்தில் எமக்கு ஐயமில்லை. ஆனாலும் காசோலை எழுதுமுன் ஒரு பெண்மணியின் வேலையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

மேரி ஃபிளனகன், அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர், கலைஞர், விளையாட்டுகளை ஆக்குபவர், ஆராய்பவர். 2006 இல் பழைய அட்டாரி வீடியோ விளையாட்டின் ஜோய்ஸ்ரிக்கை ஏறத்தாழ 9 அடி உயரத்தில் செய்து வைத்தார். தனியொருவரால் அதை வைத்து நன்றாக ஆட இயலாது. ஒருவர் தண்டைக் கட்டிப்பிடித்துச் சாய்க்க, இன்னொருவர் பொத்தானை அமுக்க வேண்டும். முன்பின் அறியாதவர்களும் கூவிக் கூப்பிட்டுச் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான்!

2009 இல், பொருளாதார நெருக்கடியின்போது, அவரது குழுவினர் ஆட்குறைப்பைப் பற்றி ஒரு கணினி விளையாட்டு வெளியிட்டனர். ஒரே வகைத் தொழிலாளரை வரிசையாகச் சேர்த்தால் அவர்கள் வேலையிழப்பார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு வாழ்க்கைக் குறிப்பு உண்டு. வங்கிக்காரரை மட்டும் நீக்க விதியில் இடமில்லை. பிரசங்கம் எதுவும் தேவைப்படவில்லை. விதியே கதையைச் சொல்லிவிட்டது.

அதே ஆண்டில் வெளிவந்த அவரது நூலில் 19ஆம் நூற்றாண்டுச் சிறுமிகள் வருகிறார்கள். வீட்டுவேலை பழகட்டும் என்று பெரியவர்கள் பொம்மை வாங்கிக் கொடுத்தால், பிள்ளைகள் அதற்குச் செத்தவீடு நடத்திப் புதைத்தார்களாம். ஃபிளனகன் இதைக் குழப்படியாகப் பார்க்கவில்லை. தமக்குத் தரப்பட்ட விளையாட்டைப் பிள்ளைகள் மாற்றி எழுதியதாகவே பார்க்கிறார். கிளித்தட்டுக்கு ஆள் காணாதபோது கோட்டை மாற்றிக் கீறிய எமக்கு இது விளங்கும்.

எமது இழுபறிக்கு நேரடியாகப் பொருந்துவது இன்னொன்று. நோய்த் தடுப்பூசி பற்றி அவரது குழு ஆக்கிய ‘பொக்ஸ்’ என்ற மேசை விளையாட்டில் எல்லோரும் ஒரே பக்கம், நோய்தான் எதிராளி. அதையே ரப்லெட்டிலும் செய்து, இரண்டையும் ஒப்பிட்டார்கள். விதிகள் ஒன்றே. ரப்லெட்டில் ஆடியவர்கள் விரைந்து முடித்தார்கள், பேச்சுக் குறைவு. அட்டையில் ஆடியவர்கள் அடுத்து என்ன செய்யலாமென்று கூடிக் கதைத்தார்கள். நோய் எப்படிப் பரவுகிறது என்ற விளக்கமும் அவர்களிடமே கூடுதலாக இருந்தது.

கணினி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதைச் சொன்னால் ஃபிளனகனே சிரிப்பார். ஐந்தாறு ரப்லெட் போதும் என்கிறோம். மிச்சப் பணத்தில் அகலமான மேசைகள், வெற்று மட்டைகள், காய்கள், தாயக்கட்டைகள் வாங்கலாம். கிழமைக்கு ஒரு பாடவேளை பிள்ளைகள் தாமே விளையாட்டு ஆக்குவதற்கென ஒதுக்குமாறு அதிபரைக் கேட்டிருக்கிறோம்.

தொடக்கத்துக்கு மாதிரிகள் வேண்டும். கொக்கான், கிளித்தட்டு, எட்டுக்கோடு ஆகியவற்றுக்கு உங்கள் காலத்தில், உங்கள் ஊரில் இருந்த விதிகளை, களவு விளையாடும் வழிகளும் உட்பட, எழுதிச் சங்கச் செயலாளருக்கு அனுப்பிவையுங்கள்.