அங்காடி வீதியும் நம் கடமையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நகர்நடுவே அமைந்த அங்காடியைத் திருத்தி அமைத்தல் பற்றிச் சில கூற விழைகின்றேன். புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே, மரநிழலில் நாளங்காடி விளங்கிற்றெனச் சிலப்பதிகாரம் கூறும். இரு பாக்கத்தார்க்கும் பொதுவாய் நின்ற இடம் அது. அப்பொதுமையே அங்காடியின் உயிர்.

1914 ஆம் ஆண்டு இந்தியா போந்த பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், சென்னை மாகாணத்து நகரங்கள் சிலவற்றை நேரிற் கண்டு 1915 இல் அறிக்கை வரைந்தார். வீதிதோறும் நடந்து, மக்கள் வாழுமாறு அறிந்த பின்னரே திட்டம் வகுத்தல் வேண்டும். பழுதுற்ற பகுதியை மட்டும் நீக்கி ஏனையவற்றைக் காத்தல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. நன்மருத்துவன் செயலும் அஃதன்றோ?

இக்காலத்துச் சட்டமும் மக்கள் கருத்தை வினவுகின்றது. 1971 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, முழுமைத் திட்டம் பற்றிய அறிவிப்பு வெளியானால், எவரும் ஆட்சேபமும் யோசனையும் எழுதித் தர இரண்டு மாதத்திற்குக் குறையாத தவணை உண்டு. 2014 ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டமோ, நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பங்கிற்குக் குறையாது தெரு வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருத்தல் வேண்டுமென விதிக்கின்றது. அவருள் மூன்றிலொரு பங்கினர் மகளிர்.

சட்டம் இருந்தும் யாம் உறங்கினால் யாது பயன்? எம் ஊர் அங்காடியைப் புதுக்க எண்ணிய காலத்து, அறிவிப்பொன்று சுவரில் ஒட்டப்பெற்றிருந்தது. பள்ளிக்குச் செல்லும் விரைவில், யான் அதனைக் கண்டும் படியாது சென்றேன். தவணை கழிந்தது. கட்டடம் எழுந்தது, கடைக்காரர் கடை பெற்றனர். நெடுங்காலம் அங்குக் கீரை விற்ற மூதாட்டிக்கோ, கூடை வைக்க ஒரு முழ இடமும் இல்லையாயிற்று. "எழுத்தறிந்த நீங்கள் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலாகாதா, ஐயா?" என்றாள். அவ்வினாவிற்கு இன்றும் என்பால் விடையில்லை.

ஆதலின், அன்பர்களே! நம் கடை முகப்பை மட்டும் கருதி விண்ணப்பம் வரைதல் சங்கத்திற்கு அழகன்று. வரைபடம் வெளியானால் நால்வர் சென்று காண்க. சரக்கு வண்டி நிற்குமிடம், குடிநீர், பெண்டிர்க்குக் கழிப்பிடம், வேலை முடியுமளவும் தற்காலிகக் கடை ஆகியன உளவா என நோக்குக. எழுத்தறியாதார்க்குப் படித்துச் சொல்லுக. அவர் சொல்வதையும் எழுதித் தருக. தவணை கழிந்தபின் நொந்து பயனில்லை.