ஊர்ச் சங்கமும் தாய்மொழியும்: சிங்கப்பூர்ச் சீனர் வரலாற்றில் ஒரு பாடம்

சிங்கப்பூர் நகரிலே தெலுக் ஆயர் வீதி என்று ஒரு வீதி உண்டு. இன்று அது உயர்ந்த கட்டடங்களுக்கிடையே ஒடுங்கிக் கிடப்பினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது கடற்கரையாகவே இருந்தது. கப்பலில் வந்தவர்கள் முதலில் மிதித்த மண் அதுவே. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1828ஆம் ஆண்டிற்கும் 1830ஆம் ஆண்டிற்கும் இடையில் அவ்வீதியில் நாகூர்த் தர்காவை எழுப்பினர். அதற்கு அணித்தாகவே, சீனாவின் பூஜியன் மாகாணத்திலிருந்து வந்தோர் தம்மைக் கடலில் காத்த மாசு தேவிக்குத் தியான் ஹொக் கெங் என்னும் கோயிலை அமைத்து 1842ஆம் ஆண்டளவில் நிறைவு செய்தனர். இக்கோயிலைச் சார்ந்தே 1840ஆம் ஆண்டில் ஹொக்கியன் ஊர்ச் சங்கம் தோன்றிற்று.

சீனர் என்று நாம் ஒரே பெயரால் அழைக்கும் அம்மக்கள் அக்காலத்தில் ஒரே பேச்சினர் அல்லர். ஹொக்கியர், தியோச்சியர், கான்டனியர், ஹக்காக்கள், ஹைனானியர் எனப் பல பிரிவினராக அவர்கள் வாழ்ந்தனர். எழுத்து அனைவருக்கும் ஒன்றே. ஆனால் ஒருவர் வாய்மொழி மற்றவர் செவிக்கு அயன்மொழி. ஆகவே ஒவ்வொரு பிரிவினரும் தத்தமக்கெனச் சங்கம் அமைத்தனர். தியோச்சியரின் ஙீ ஆன் கொங்சி 1845ஆம் ஆண்டில் தோன்றியது. புதிதாக வந்தவனுக்குத் தங்குமிடமும் தொழிலும் தேடிக் கொடுத்தல், இறந்தவனை முறைப்படி அடக்கஞ் செய்தல், ஊருக்குச் செய்தி அனுப்புதல் ஆகியன இச்சங்கங்களின் முதற் கடமைகள். அவற்றுக்கு அடுத்த கடமையாகக் கல்வி வந்து சேர்ந்தது.

1854ஆம் ஆண்டில் தான் கிம் செங் என்னும் வணிகரின் முயற்சியால் சுயி எங் என்ற இலவசப் பாடசாலை அமோய் வீதியில் அமைந்தது. ஏழைப் பிள்ளைகள் அங்கே பழைய சீன நூல்களை மனனஞ் செய்தனர். மூன்று மூன்று எழுத்துக்களாக ஓடும் நீதிநூல் ஒன்றைச் சீனக் குழந்தைகள் பொருள் முற்றும் விளங்குமுன்னரே உருவேற்றுவது பழைய வழக்கம். ஆத்திசூடியைத் திண்ணையில் இருந்து ஓதிய நம் முன்னோருக்கு இது புதுமையாகத் தோன்றாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுமுறைப் பாடசாலைகள் எழுந்தன. 1905ஆம் ஆண்டில் கான்டனியர் யியுங் சிங் பாடசாலையையும், ஹக்காக்கள் யிங் சின் பாடசாலையையும் தொடங்கினர். மறு ஆண்டில் தியோச்சியரின் துவான் மொங்கும், ஹொக்கியரின் தாவ் நானும் தோன்றின. ஒவ்வொன்றும் தன் பிரிவினரின் பேச்சிலேயே கற்பித்தது. ஆயினும் ஒரு கேள்வி விரைவில் எழுந்தது. பிரிவுக்கொரு பேச்சில் கற்கும் பிள்ளைகள், வளர்ந்தபின் ஒருவரோடொருவர் எம்மொழியில் உரையாடுவர்? தாவ் நான் பாடசாலை 1916ஆம் ஆண்டில் ஹொக்கியன் பேச்சை விடுத்து, வடசீனப் பேச்சை அடிப்படையாகக் கொண்ட மாண்டரின் என்னும் பொதுமொழிக்கு மாறியது. காலப்போக்கில் மற்றவையும் அவ்வழியே சென்றன. பொதுமொழியை நாடிய இம்மாற்றம் அரசாங்கத்தின் ஆணையால் வந்ததன்று. ஊரார் தாமே விரும்பி மேற்கொண்டது. இதனை நினைவில் வைத்தல் வேண்டும்.

இப்பாடசாலைகளைத் தாங்கியது வணிகரின் பணமும் தொழிலாளரின் நாட்கூலியுமே. இறப்பர் வணிகத்தாற் பெருஞ்செல்வரான தான் கா கீ 1919ஆம் ஆண்டில் எல்லாப் பிரிவுப் பிள்ளைகளுக்கும் உரிய சீன உயர்தரப் பாடசாலை தோன்ற முன்னின்றார். அவருக்குப் பின், ஹொக்கியன் சங்கத் தலைவரான தான் லார்க் சை 1953ஆம் ஆண்டில் சீன மொழியில் கற்பிக்கும் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டுமென்று குரல் எழுப்பி, ஐம்பது இலட்சம் டொலர் தருவதாகவும் அறிவித்தார். சங்கம் ஜூரோங் பகுதியில் ஐந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வழங்கிற்று. முச்சக்கர மிதிவண்டி ஓட்டுநர்கள் ஒரு நாள் முழுவதும் மிதித்து ஈட்டிய பணத்தை அப்படியே கொடுத்தனர். தாம் ஒரு நாளும் நுழையப்போகாத வகுப்பறைக்கு அவர்கள் கல் வைத்தார்கள். நன்யாங் பல்கலைக்கழகத்தில் 1956ஆம் ஆண்டில் வகுப்புக்கள் ஆரம்பமாயின.

ஆனால் காலம் வேறு திசையில் திரும்பியது. துறைமுகமும் வர்த்தகமுமே வாழ்வாகிய தீவில் ஆங்கிலம் கற்றோருக்கே உத்தியோகம் எளிதாயிற்று. பெற்றோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைகளுக்கு அனுப்பலாயினர். 1980ஆம் ஆண்டில் நன்யாங் பல்கலைக்கழகம் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டு முதல் எல்லாப் பாடசாலைகளிலும் ஆங்கிலமே முதற் போதனாமொழி. தாய்மொழி ஒரு பாடமாக நிலைத்தது. அத்தாய்மொழிப் பாடமும் சீனருக்கு மாண்டரினே அன்றி, வீட்டிற் பேசிய ஹொக்கியனோ தியோச்சியனோ அன்று. 1979ஆம் ஆண்டில் பிரதமர் லீ குவான் யூ மாண்டரின் பேசும் இயக்கத்தைத் தொடக்கி வைத்தார். ஆங்கிலம், மாண்டரின், வீட்டுப் பேச்சு ஆகிய மூன்றையும் ஒரு குழந்தை சுமத்தல் அரிது என்பது அவ்வியக்கத்தின் வாதம்.

அதன் விளைவை வானொலி நேயர்கள் எளிதில் உணர்வர். 1949ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கிய ரெடிபியூஷன் என்னும் கம்பிவழி ஒலிபரப்பில் லீ டாய் சோ கான்டனிய மொழியிலும், ஓங் தோ ஹொக்கியன் மொழியிலும், ஙீ சியா கெங் தியோச்சிய மொழியிலும் கதை சொன்னார்கள். கடைத்தெருவிலும் வீட்டு முற்றத்திலும் மக்கள் அதனைக் கேட்டிருந்தனர். 1980களின் முற்பகுதியில் அக்குரல்கள் ஓய்ந்தன. புதிய மொழியை மூப்பினாற் கற்க இயலாத முதியோர், தம் வீட்டிலேயே பேச்சுத்துணை இன்றி நின்றனர்.

இந்நிலையில் ஊர்ச் சங்கங்கள் மீண்டும் தம் பணியை ஆராய்ந்தன. அடக்கஞ் செய்வதற்கும் வேலை தேடிக் கொடுப்பதற்கும் இனி அவை தேவைப்படவில்லை. 1986ஆம் ஆண்டில் அவை ஒன்றுகூடிச் சம்மேளனம் ஒன்றை அமைத்தன. மொழியும் கலையும் மரபும் அதன் முதற் பொருளாயின. அரசின் ஆதரவுடன் அச்சம்மேளனம் எடுத்த முயற்சியால் 2017ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ச் சீனப் பண்பாட்டு நிலையம் திறக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டில் உருவான மக்கள் கழகத்தின் சமூக நிலையங்களும் குடியிருப்புத்தோறும் வகுப்புக்களை நடத்துகின்றன.

அவ்வகுப்புக்களில் கற்பது யாது? முதலில் செவி பழகவேண்டும். 'மா' என்ற ஓரசை, சமமான தொனியில் தாயைக் குறிக்கும். ஏறும் தொனியில் சணலைக் குறிக்கும். தாழ்ந்து எழும் தொனியில் குதிரையைக் குறிக்கும். விழும் தொனியில் ஏசுதலைக் குறிக்கும். தாயை அழைக்க எண்ணியவன் குதிரையை அழைத்துவிடுதல் கூடும். ஆதலின் ஏட்டினால் மட்டும் இம்மொழி வாராது. வாயும் செவியும் எதிரெதிரே இருத்தல் வேண்டும். அடுத்தது கை. தூரிகை, மை, தாள், மையுரைக்கும் கல் ஆகிய நான்கையும் சீனர் படிப்பறையின் நான்கு செல்வங்கள் என்பர். மைக்கட்டியை நீர் விட்டு மெல்ல உரைக்கும் நேரத்திலேயே மாணவன் மனம் அடங்குகிறது. 'என்றும்' எனப் பொருள்படும் ஓர் எழுத்திலே எட்டு அடிப்படைக் கோடுகளும் அமைந்திருத்தலால், அதனையே பன்முறை எழுதிக் கை தேர்வது மரபு.

கலைகளில் சிங்க நடனம் இளைஞரை எளிதில் ஈர்க்கும். ஒரு சிங்கத்துக்குள் இருவர். முன்னவன் தலையை ஆட்டிப் புகழ் பெறுவான், பின்னவன் முதுகு வளைத்தே இறுதிவரை நிற்பான். மேளம் வழிகாட்ட இருவரும் ஓருடலாக வேண்டும். மலாய் இளைஞரும் தமிழ் இளைஞரும் இக்குழுக்கள் சிலவற்றிற் சேர்ந்து ஆடியிருக்கின்றனர். வெடி கொளுத்துதல் 1972ஆம் ஆண்டில் முற்றாகத் தடைசெய்யப்பட்டபின், புத்தாண்டின் களிப்புக் குன்றாதிருக்க 1973ஆம் ஆண்டில் சிங்கே ஊர்வலம் தொடங்கிற்று. 1977ஆம் ஆண்டு முதல் மலாய், இந்தியக் குழுக்களும் அதிற் பங்குகொண்டன.

ஆயினும் எல்லாக் கலைகளும் மேளத்தோடு முடிந்துவிடுவதில்லை. 1941ஆம் ஆண்டில் தோன்றிய சியோங் லெங் இசைச் சங்கம் நன்யின் என்னும் தொன்மையான இசையைப் பேணி வருகிறது. நரம்புக் கருவிகளும் மூங்கிற் குழலும் தாளக்கட்டையும் துணைசெய்ய, அமர்ந்து பாடப்படும் மெல்லிசை அது. அதன் பாடல்கள் ஹொக்கியன் வழக்கில் ஒலிப்பன. அப்பேச்சை வீட்டிற் கேளாது வளர்ந்த பிள்ளை, சொல்லுக்குச் சொல் ஒலியைப் பயின்றாலன்றி அவற்றைப் பாடல் இயலாது. கான்டனிய நாடகத்துக்கும் இதே நிலைதான். மொழி போனால் கலை தனியே நிற்காது என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

கணக்கும் இதனையே சொல்கிறது. 2010ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில், சிங்கப்பூரில் நிலையாக வசிப்போரில் நூற்றுக்கு 14.3 பேர் சீன வட்டார மொழி ஒன்றை வீட்டில் மிகுதியாகப் பேசினர். 2020ஆம் ஆண்டில் அது 8.7 ஆகக் குறைந்தது. வியப்பு என்னவெனில், அவற்றுக்குப் பதிலாக வந்த மாண்டரினும் 35.6 இலிருந்து 29.9 ஆக இறங்கியது, ஆங்கிலம் 48.3 ஆக ஏறிற்று. ஒரு மொழிக்கு இடம் கொடுக்கப் பிறிதொன்றை விலக்கினால் முதல் மொழி வீட்டில் நிலைத்துவிடும் என்ற எண்ணம் முழுதும் நிறைவேறவில்லை.

இன்று சில சங்கங்கள் ஹொக்கியன், தியோச்சியன், கான்டனியம் ஆகியவற்றுக்கே வகுப்பு நடத்துகின்றன. அவற்றிற்கு வருவோர் பரீட்சைப் புள்ளிக்காக வருவதில்லை. அங்கே பரீட்சையே இல்லை. முதிய நோயாளரோடு பேசவேண்டிய தாதியர் வருகின்றனர். பாட்டியோடு பேச விரும்பும் பேரப்பிள்ளைகள் வருகின்றனர். 2016ஆம் ஆண்டில் முதியோருக்கு அரசின் திட்டங்களை விளக்க ஹொக்கியன் மொழியில் தொலைக்காட்சி நாடகம் ஒன்று ஒளிபரப்பாகியது. அதற்கு இட்ட பெயர், 'சாப்பிட்டாயிற்றா?' என்பது. ஒருவர் நலத்தை மற்றவர் கேட்கும் பழைய வாய்மொழி அது.

ஒரு சமூகம் தன் மொழிக்குச் செய்யக்கூடியதும் செய்யமுடியாததும் இவ்வரலாற்றில் ஒருங்கே தெரிகின்றன. நிலம் கொடுக்கலாம், பாடசாலை கட்டலாம், விழா எடுக்கலாம், தூரிகை பிடிக்கும் கையைத் திருத்தலாம். இவை யாவும் பெரும்பணிகளே. ஆயினும் சனிக்கிழமை வகுப்பில் இரண்டு மணி நேரம் கற்ற சொல், மற்றை ஆறு நாட்களும் வீட்டில் ஒலியாதாயின், அது மனனஞ் செய்த பாடமாகவே நின்றுவிடும். வகுப்புக் கதவைத் திறந்து வைக்கும். அதன் வழியே நடந்து உள்ளே வந்து, அடுக்களையிலும் முற்றத்திலும் அச்சொல்லைப் பேச வேண்டியவர்கள் தாயும் தந்தையும், பாட்டனும் பாட்டியுமே. அவர்கள் வாய் திறவாத இடத்தில் எச்சங்கமும் மொழியைக் காத்துத் தர இயலாது.