பசியை மறைக்கும் புகை: எடைக்குப் பயந்து வேப் பிடித்த கதை

இன்னைக்கு விருந்தினர் யாரும் இல்லை. "வேப் பிடிச்சா வெயிட் குறையுமாக்கா?" என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டு எழுதியிருந்தாங்க. பதில் சொல்ல வேற யாரையும் கூப்பிட வேண்டாம்னு தோணுச்சு. ஏன்னா மூணு வருஷம் அதைச் செஞ்சவ நான்.

எனக்கு அப்போ 19 வயசு. பெங்களூருவில் காலேஜ், ஹாஸ்டல். தீபாவளிக்கு மதுரைக்கு வந்தப்போ சித்தி என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்னடி, பூசினாப்ல ஆயிட்ட?" எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனா திரும்பிப் போற பஸ்ல ராத்திரி முழுக்க அதே வார்த்தைதான் காதுல கேட்டுட்டு இருந்துச்சு.

அந்த வாரம் ரூம்மேட் பென் டிரைவ் மாதிரி ஒன்றை நீட்டினாள். மாம்பழ வாசனை. "காலையில ரெண்டு இழு இழு, மதியம் வரைக்கும் பசிக்காது"ன்னா. உண்மைதான், பசிக்கலை. முதல்ல காலை டிபன் போச்சு. அப்புறம் ராத்திரிச் சாப்பாடு பாதியாச்சு. ஆறு மாசத்துல நாலு கிலோ குறைஞ்சேன். சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தப்போ, "இப்பதான் லட்சணமா இருக்க"ன்னு அம்மா சொன்னாங்க. எப்படி இளைச்சேன்னு யாருமே கேட்கலை.

அந்த மாணவியின் கேள்விக்கு இப்போ நேரா வர்றேன். வேப்பில் இருக்கும் நிக்கோட்டின், பசியைக் கவனிக்கும் மூளைப் பகுதியில் போய் "வயிறு நிறைஞ்சிடுச்சு" என்பது போல ஒரு பொய்த் தகவலைக் கொடுக்குது. இதயத்தையும் கொஞ்சம் வேகமா ஓட வைக்குது. அவ்வளவுதான். அது கொழுப்பைக் கரைக்கிற மருந்து இல்லை. நிக்கோட்டின் இறங்கினதும் பசி திரும்ப வரும். அதனால்தான் திரும்பத் திரும்ப இழுக்க வேண்டியிருக்கு.

இந்த ஆசை காட்டுறது புதுசும் இல்லை. அமெரிக்காவில் 1920-களின் கடைசியிலேயே லக்கி ஸ்ட்ரைக் நிறுவனம், இனிப்புக்குப் பதிலா சிகரெட்டை எடுங்கன்னு பெண்களுக்கு விளம்பரம் செஞ்சது. 1968-ல் வந்த ஒரு பெண்கள் சிகரெட்டின் பெயரே வர்ஜீனியா ஸ்லிம்ஸ். ஒல்லியா இருக்கணும்ங்கிற பயம், புகை விற்கிறவங்களுக்கு நூறு வருஷமா நல்ல முதலீடு.

நம்ம நாட்டுல 2019-லேயே இ-சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாத்தையும் தடை செஞ்சாச்சு. அப்படின்னா என் கைக்கு வந்தது எல்லாமே கள்ளச்சரக்கு. உள்ளே என்ன இருக்கு, எவ்வளவு நிக்கோட்டின்னு பரிசோதிக்க ஆளே கிடையாது. அட்டையில எழுதியிருந்ததை நம்பி நெஞ்சுக்குள்ள இழுத்தேன்.

இரண்டாம் வருஷம் நடு ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வரும், கை தானா தலையணைக்கு அடியில போகும். படியேறினா நெஞ்சு படபடக்கும். ஒருநாள் வெறும் வயித்துல இழுத்துட்டு லேப்ல மயங்கி விழுந்தேன். ரெண்டு தடவை விட்டேன். ரெண்டு தடவையும் ஜீன்ஸ் பட்டன் இறுகினதும் திரும்ப எடுத்துட்டேன்.

மூணாவது தடவை ஒரு டாக்டர்கிட்ட போனேன். மத்தவங்க மறைச்சதை அவர் நேராவே சொன்னார்: "எடை கூடும்மா. சிகரெட்டை விடுறவங்களுக்கு முதல் வருஷத்துல சராசரியா நாலஞ்சு கிலோ கூடும், பெரும்பாலும் முதல் மூணு மாசத்துல. அதுக்குத் தயாரா இருந்தா நீ ஜெயிச்சிடுவ." நேரத்துக்குச் சாப்பிடு, காலை டிபனைத் தவிர்க்காதே, சாயந்திரம் நட, கண்ணாடியைப் பார்த்து அழுகை வந்தா ஃபோன் பண்ணுன்னார். எடை பயத்தையும் வேப்பையும் சேர்த்தே கவனிச்சார்.

அம்மாகிட்ட அப்புறம்தான் சொன்னேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "லட்சணமா இருக்கன்னு சொன்னேனே, அப்பவுமா?"ன்னு கேட்டாங்க. ஆமாம்னேன். அதுக்கு மேல ரெண்டு பேராலயும் பேச முடியலை.

எனக்கு அஞ்சு கிலோ கூடுச்சு. மூணு குறைஞ்சது, ரெண்டு இன்னும் இருக்கு. அடுத்த தீபாவளிக்குச் சித்தி மறுபடி ஆரம்பிச்சாங்க, "என்னடி, பூசினாப்ல..." அம்மா அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாங்க: "ஆமா, நல்லா சாப்பிடுறா. நீயும் இலையில உக்காரு."

விடணும்னு நினைக்கிறவங்க தேசியப் புகையிலை உதவி எண் 1800-11-2356-க்கு இலவசமா அழைக்கலாம். வீட்டுல ஒரு பொண்ணோ பையனோ திடீர்னு இளைச்சா, பாராட்டுறதுக்கு முன்னாடி "சாப்பிட்டியா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. எழுதின தங்கச்சி, உன் பதிலுக்குக் காத்திருக்கேன்.