நூலகத்திலே கதையும் பாட்டும் ஆட்டமும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நூலகம் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது யாது? நீண்ட மேசை, பத்திரிகை விரித்த முதியவர், சுவரிலே அமைதி பேணச் சொல்லும் பலகை. இவை வேண்டியவையே. ஆயினும் நான்கு வயதுப் பிள்ளையொன்று அவ்வாயிலில் வந்து நின்றால், "வளர்ந்தபின் வா" என்றல்லவா அப்பலகை சொல்கிறது? வளர்ந்தபின் அப்பிள்ளை வருவதில்லை என்பதே நமது கவலை. ஆதலின், வாரத்தில் ஒருமுறையேனும் நூலகத்திலே சிறு பிள்ளைகளுக்குக் கதை சொல்லவேண்டும். அதனைப் பாட்டோடும் ஆட்டத்தோடும் சொல்லவேண்டும் என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

இது மேல்நாட்டுச் சரக்கு எனச் சிலர் எண்ணலாம். ஜேர்மனியிலே 1837 ஆம் ஆண்டில் பாலர் கல்விக்கு வித்திட்ட பிறோபெல், விரலசைத்துப் பாடும் பாட்டுக்களைத் தாய்மாருக்கெனத் தொகுத்து 1844 இல் வெளியிட்டார். அமெரிக்க நூலகச் சங்கத்தினர் 2004 இல் தொடங்கிய திட்டமொன்று, 2011 இல் திருத்தம் பெற்றபோது, பேசுதல், பாடுதல், வாசித்தல், எழுதுதல், விளையாடுதல் என்னும் ஐந்தையும் எழுத்தறிவின் வாயில்களாக வகுத்தது. மிஷன் பாடசாலையின் பாலர் வகுப்பிலே கையசைத்துப் பாடி வளர்ந்த நாம் அதன் பயனை அறிவோம்.

ஆனால் இதன் வேர் நம் மண்ணிலும் உண்டு. பிள்ளைத்தமிழின் பருவங்களை எண்ணிப் பாருங்கள். செங்கீரையிலே பிள்ளை தலை நிமிர்த்தி அசைகிறது; சப்பாணியிலே கை கொட்டுகிறது; வருகையிலே தளர்நடை பயில்கிறது; சிறுபறையிலே பறை முழக்குகிறது. பிள்ளையின் வளர்ச்சியை அசைவினாலும் ஓசையினாலும் அளந்தவர் நம் புலவர். தொல்காப்பியரோ எழுத்தின் மாத்திரையையே கண்ணிமையாலும் கைநொடியாலும் அளந்தார். உடம்பே தமிழின் முதல் அளவுகோல்!

இதன் பயன் யாது? பேசும்போது ஓசைகள் ஒன்றோடொன்று கலந்து ஓடிவிடுகின்றன. பாடும்போது சொல் நீள்கிறது. அசை அசையாகப் பிரிகிறது. குறிலுக்கு ஒரு தட்டும் நெடிலுக்கு இரு தட்டுமாகக் கை கொட்டிப் பாடும் பிள்ளை, 'படம்' வேறு, 'பாடம்' வேறு என்பதை எழுத்தறியுமுன்னே காதால் அறிந்துவிடும். 'பதுங்கியது' என்று சொல்லும்போதே பதுங்கிக் காட்டினால், அச்சொல்லுக்கு அகராதி வேண்டுவதில்லை. மேலும், மூன்று நான்கு வயதுப் பிள்ளை நெடுநேரம் ஓரிடத்தில் இருக்கமாட்டாது. எழுந்து ஆட இடங்கொடுத்தால் மீண்டும் அமர்ந்து கேட்கும்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு பாய், படமுள்ள ஒரு நூல், கைத்தாளம் ஒரு சோடி, இரண்டு சிரட்டைகள் போதும். வாரந்தோறும் ஒரே வரவேற்புப் பாட்டோடு தொடங்கவேண்டும். பழகிய பாட்டு அச்சத்தைப் போக்கும். கதையிலே திரும்பத் திரும்ப வரும் சொற்றொடரைப் பிள்ளைகளே சொல்லவேண்டும். காகம் தத்தினால் அவர்களும் தத்தட்டும். யானை அசைந்தால் அவர்களும் அசையட்டும். இறுதியிலே ஒரு தாலாட்டு; அதன்பின் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நூலைக் கையில் எடுக்கவேண்டும். அரை மணி நேரம் போதுமானது. கூச்சமுள்ள பிள்ளையை இழுத்து நிறுத்தலாகாது. பரிசு, போட்டி, மேடை என்பனவும் கூடா.

பாட்டுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பிள்ளைகளுக்கெனவே பாடிவைத்தார். குழந்தை ம. சண்முகலிங்கம் சிறுவருக்கு நாடகம் எழுதித் தந்தார். நமது முள்ளியவளையோ கோவலன் கூத்தின் ஊர். வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன் காட்டா விநாயகர் சந்நிதியில் உப்புநீர் விளக்கெரியும் நாட்களை அறியாதவர் யார்? தாளக்கட்டும் ஆட்டமும் அறிந்த அண்ணாவிமார் வாழ்ந்த மண்ணிலே பிள்ளைக்குப் பாட்டில்லை என்று சொல்வது பொருந்துமா?

எனினும் ஓர் உண்மையை மறைத்தலாகாது. 2008 ஆம் ஆண்டின் இறுதியில் நம்மூர் இடம்பெயர்ந்தது. வன்னி மக்கள் ஓடிய ஓட்டம் 2009 மே மாதத்தில் முடிந்தது. இன்று நான்கு வயதுப் பிள்ளையை ஈன்ற தாய்மாரிற் பலர் அன்று தாமே பிள்ளைகள். கதை கேட்கவேண்டிய வயதிலே பதுங்குகுழியிலும், பின் முகாமிலும் இருந்தவர்கள். பாட்டுச் சொல்லவேண்டிய பேர்த்தியரிற் பலர் ஊர் திரும்பவில்லை. அந்தச் சங்கிலி அறுந்த இடம் அதுவே. தாய் தன் பிள்ளைக்குப் பாடவில்லை என்று குறை கூறுவது எளிது; அவளுக்கு யார் பாடினார் என்று கேட்டவர் எத்தனை பேர்?

ஆகவேதான் தாய்மாரும் அந்தப் பாயிலே அமரவேண்டும் என்கிறோம். தந்தையரும் வரட்டும். எஞ்சியிருக்கும் அம்மம்மாமாரையும் அப்பம்மாமாரையும் அழைத்துவந்து முன்னே இருத்துவோம். பிள்ளை கற்கும் பாட்டைத் தாயும் கற்பாள், அது வீட்டிற்குப் போகும், இரவிலே ஒலிக்கும். அரை மணி நேரத்தின் பயன் வீட்டிலேதான் விளையும்.

அமைதி கெடுமே என்பார்க்கு விடையும் உண்டு. பத்திரிகை வாசிப்போர் குறைந்த வேளையொன்றை நூலகரோடு கலந்து தெரிந்துகொள்ளலாம். முற்றத்து மரநிழலும் போதும். கரைதுறைப்பற்றுப் பிரதேச சபையாரிடம் அனுமதி கேட்கவேண்டியது சங்கத்தின் கடமை. சனிக்கிழமைதோறும் இருவர் இருவராக முறைவைத்துச் செல்ல வேண்டியது இளைஞராகிய நமது கடமை. கோயில் வீதியைக் கூட்டுவது தொண்டானால், ஒரு பிள்ளையை நூலுக்கு அறிமுகஞ் செய்வதும் தொண்டே.

இக்கூட்டம் கலையுமுன் பன்னிரண்டு பேர் பெயர் தந்தால், இருவர் இருவராக ஆறு வாரம் நிறைந்துவிடும். ஏழாம் வாரம் முதலிருவர் மீண்டும் தொடங்கலாம். பெயர் தர முன்வாருங்கள் என்று வேண்டி அமைகின்றோம்.