ஆடலும் அறிவுறுத்தலும்

விளையாட்டு மகிழ்ச்சிக்காகவே என்பர் ஒரு சாரார்; அது நல்லறிவும் புகட்டுதல் வேண்டும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு நோக்கங்களும் ஒரே ஆட்டப் பலகையிற் சேருமாயின் நிகழ்வது யாது? அமெரிக்கப் பெண்மணியாகிய எலிசபெத் மேகி அமைத்த 'நிலக்கிழார் ஆட்டம்' இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

சுருக்கெழுத்தாளராகப் பணியாற்றிய மேகி அம்மையார், பொருளியல் அறிஞர் ஹென்றி ஜோர்ஜின் கொள்கையிற் பற்றுடையவர். நிலத்தின் மதிப்புச் சமுதாயத்தால் வளர்வது. ஆதலின் நிலத்தால் வரும் வாடகை பொதுநிதியைச் சேரவேண்டும் என்பது அக்கொள்கை. இதனை மக்கள் ஆடியே உணரட்டும் என்று கருதிய அம்மையார், ஓர் ஆட்டத்தை வகுத்து 1904ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார்.

சதுரப் பலகையைச் சுற்றிக் காய்கள் நகரும். ஒரு சுற்று நிறைவேறினாற் கூலி கிடைக்கும். காய் சென்று தங்கும் நிலம் பிறருடையதாயின் வாடகை செலுத்தவேண்டும். ஆட்டம் நீள நீள நிலமுடையார் கை ஓங்கும். ஏனையோர் கை வறளும். இம்முறையோடு மற்றொரு விதிமுறையையும் அம்மையார் வகுத்தார். அதன்படி வாடகை பொதுநிதிக்குச் செல்லும். ஒருவர் பெறும் ஆதாயம் அனைவர்க்கும் பயன்படும். இரண்டையும் ஆடி ஒப்பிட்டு நோக்குவோர் நீதி எதுவென அறிவர் என்பது அவர் எதிர்பார்ப்பு.

நடந்ததோ வேறு. ஆட்டத்தைக் கையாற் பிரதிசெய்து நண்பர்களிடையே பரப்பியவர்கள், பகிர்ந்து வாழும் விதியைக் கைவிட்டு, பிறரை வறியராக்கி வெல்லும் விதியையே போற்றினர். இவ்வாறு பரவிய வடிவமொன்றைச் சார்ள்ஸ் டாரோ என்பவர் தமதெனக் காட்டி விற்க, பார்க்கர் சகோதரர் நிறுவனம் 1935இல் அதனை 'மொனொப்பொலி' என்னும் பெயரில் வெளியிட்டது. மேகியின் காப்புரிமைக்கு அந்நிறுவனம் அளித்தது 500 டொலர். 1948இல் அவர் மறைந்தார். 1970களில் எழுந்த வழக்கொன்றின்போதே அவர் பங்கு பலருக்கும் தெரியவந்தது.

இவ்வரலாறு ஆட்டம் அமைப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. பாடம் ஓரிடத்தும் இன்பம் வேறோரிடத்தும் இருப்பின், ஆடுவோர் இன்பத்தைக் கொண்டு பாடத்தை விட்டுவிடுவர். மேகியின் இரண்டாம் விதி நேர்மையானது. ஆனால் எதிரியை வீழ்த்தும் விறுவிறுப்பு முதல் விதியிலேயே இருந்தது.

எனினும் அவர் நோக்கம் முற்றும் அழிந்துவிடவில்லை. கையிலிருந்த இறுதிக் காசையும் வாடகையாகக் கொடுத்து எழுந்து செல்லும் சிறுவன், வென்றவன் தன்னினும் அதிகமாக உழைத்தானா, முந்தி நிலம் பிடித்தானா என்று எண்ணக்கூடும். அவ்வினாவை எழுப்பவே அம்மையார் அப்பலகையை வரைந்தார்.