மலை தந்த பாட்டும் கல்வி தந்த எழுத்தும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

நம் மண் நம் கலைஞர்களுக்கு என்ன தந்தது, அதை அவர்கள் எவ்வாறு உலகுக்குக் கொண்டு சென்றனர் என்பதையே இன்று நாம் சிந்திக்க விழைகிறோம்.

குரங்கணியில் நின்று மேலே நோக்குங்கள். கொட்டகுடி ஆறு பாறைகளில் மோதி இறங்குகிறது. உச்சியில் டாப் ஸ்டேஷன் தெரிகிறது. வெள்ளையர் காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதையும், 1908-இல் ரயில் பாதையும் அமைந்தன. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை வண்டியில் வந்து, கம்பிவடத்தில் தொங்கி இவ்வடிவாரத்திற்கு இறங்கின. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்தது.

இவ்வரலாற்றில் கம்பெனிகளின் பெயர்கள் உண்டு. துரைமார்களின் பெயர்கள் உண்டு. காடு திருத்தியவர், சுமை தூக்கியவர், ஏலக்காய் பறித்தவர் பெயர்கள் எங்கே? அவை ஏட்டில் ஏறவில்லை. அம்மக்களின் துயரும் நகைப்பும் தாலாட்டிலும் நடவுப்பாட்டிலும் ஒப்பாரியிலுமே தங்கின.

அப்பாட்டுகள் வீண்போகவில்லை. இதே மலைத்தொடரின் அடிவாரத்தில்தான் பண்ணைப்புரம் இருக்கிறது. ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்த பாவலர் வரதராசன், பாமரர்க்கு விளங்கும் மெட்டில் உழைப்பாளர் உரிமையைப் பாடினார். 1958-இல் நடந்த தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூசுக்காக அவர் பாடிய பாட்டுகள், தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் நெஞ்சைத் தொட்டன. மலைக்கு இப்பால் பிறந்த குரல், அப்பால் இருந்த லயங்களை எழுப்பியது.

1943-இல் பிறந்த அவருடைய தம்பி இளையராஜா, அண்ணனின் குழுவில் ஊர் ஊராய்ச் சுற்றியவர். தாயார் சின்னத்தாயின் பாட்டுகள் அவர் காதில் இருந்தன. எனினும் அது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. 1968-இல் சென்னை சென்று, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையை முறையாகப் பயின்றார். இசையைக் குறியீடுகளால் எழுதக் கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரித் தேர்வில் கிதார் வாசிப்புக்குத் தங்கப் பதக்கம் பெற்றார். 1976-இல் ‘அன்னக்கிளி’ வழியாக நாட்டுப்புற மெட்டு தமிழகமெங்கும் ஒலித்தது. 2025 மார்ச் 8-இல் அவர் எழுதிய சிம்பொனி லண்டன் மாநகரில் அரங்கேறியது.

இளைஞர்களே, இதில் நமக்கொரு பாடம் உண்டு. மண் அவருக்குப் பாட்டைத் தந்தது. கல்வியோ அதை எழுதி வைக்கும் ஆற்றலைத் தந்தது. எழுதத் தெரிந்ததனால், வயலின்காரர் எந்நாட்டவராயினும் அவர் கருதியதையே வாசித்தனர். எழுதப்படாத பாட்டு, பாடியவரோடு சுடுகாடு செல்கிறது.

நம் தெருக்களில் இன்றும் பழம்பாட்டு அறிந்த பாட்டிமார் உள்ளனர். பறையின் அடிவகைகளைக் கைவிரலில் வைத்திருக்கும் பெரியவர்களும் உள்ளனர். இழிவென்று சுமத்தப்பட்டதால் பறையைக் கீழே வைத்தவர்களை நாம் குறை கூறோம். அது தன்மானத்தின் செயல். ஆயினும் கட்டாயத்தை மறுப்பது வேறு, கலையை இழப்பது வேறு. அடிமை வேலையாக இனி நாம் அதை அடிக்க வேண்டாம். அறிவுச் செல்வமாகக் கற்போம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இவ்விழா முடிந்ததும், நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேட்டுடன் தம் வீட்டு மூத்தோரிடம் அமரட்டும். பாட்டை எழுதட்டும், பாடியவர் பெயரையும், எந்தத் தோட்டத்தில், எந்த வேலையில் பாடப்பட்டது என்பதையும் எழுதட்டும். ஓவியம் வல்லவர் மலையையும் அதில் உழைத்த முகங்களையும் வரையட்டும். அக்குறிப்பேடுகள் நம் கழகத்தின் நூலகத்தில் இடம்பெறட்டும். ஏட்டில் இல்லாத நம் முன்னோர் பெயர்களை நம் கையால் ஏற்றுவோம்.