மலைமேல் ஒரு கூட்டுக்குடும்ப வீடு

மலை என்றதும் தமிழ்க் கவிஞர் மனம் குறிஞ்சித் திணைக்குள் நுழைந்துவிடுகிறது. அருவியும் தினைப்புனமும் களவும் அங்கே காத்திருக்கின்றன. அத்திணையில் மக்கள் வாழ்ந்த ஊருக்குச் சிறுகுடி என்று பெயர். புனம் காக்கக் கட்டிய பரணுக்கு இதணம் என்று பெயர். மலையில் மனிதன் சிறிதாகவே கட்டினான் என்பதை இவ்விரு சொற்களும் காட்டுகின்றன.

ஓய்வுக்கென்று மலையில் வீடு எழுப்பும் வழக்கம் பிற்காலத்தது. கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சலிவன் 1822-இல் உதகையில் கட்டத் தொடங்கிய கல் வீடு அவ்வகையில் முன்னோடி. மக்கள் 'கல் பங்களா' என்றழைத்த அது இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. அதற்கு நெடுங்காலம் முன்பே அங்குக் குளிரோடு வாழத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். தோடர் இல்லத்தின் வாயில் தவழ்ந்து நுழையுமளவே உயரம். உள்ளிருக்கும் வெப்பம் எளிதில் வெளியேறாது. படகர் ஹட்டியில் வீடுகள் பொதுச்சுவரைப் பகிர்ந்து வரிசையாக நிற்கும். எதிரே எல்லார்க்கும் பொதுவான முற்றம். ஒருவர் அடுப்பின் சூடு அடுத்தவர் சுவருக்கும் போய்ச் சேரும். கூட்டுக்குடும்பத்துக்கு மலைவீடு அமைப்பவர் படிக்க வேண்டிய முதற்பாடம் இதுவே எனலாம்.

இன்றைய கட்டடக் கலைஞர் முதலில் வரைந்து காட்டுவதோ பள்ளத்தாக்கை நோக்கிய ஒரு பெரிய கண்ணாடிச் சுவர். படத்தில் அழகுதான். உறைபனி பெய்யும் மார்கழி இரவில் அறையின் வெப்பமெல்லாம் அவ்வழியே போய்விடும். அடுத்து, சரிவோடு சரிவாக மூன்று தளங்களாய் இறங்கும் வீடு. இளையவர்க்கு அது விளையாட்டு. மூட்டுவலியுள்ள பாட்டிக்கோ ஒவ்வொரு படியும் ஒரு மலை. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் கீழே கூடிச் சிரிக்க, அவர் மேலறையில் தனித்திருப்பார். குடும்பம் ஒன்றுசேரக் கட்டிய வீடே குடும்பத்தைப் பிரித்துவிடும்.

இதற்கு மாற்று உண்டு. மலையின் இடுப்பைச் சுற்றிய வரப்புப்போல், சரிவின் குறுக்கே, ஒரே மட்டத்தில், நீண்டு ஒடுங்கிய வீடு. நடுவே சமையலறையும் கூடமும், ஒரே சுவரின் இருபுறமும். மூத்தோர் அறை காலை வெயில் விழும் கிழக்குக் கோடியில், குளியலறை அதையொட்டி, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு. தெற்கே கண்ணாடியிட்ட ஒரு திண்ணை. பிள்ளைகளுக்குக் கூரையடியில் ஒரு பரண் போதும். இதணம் அவர்களுக்கே உரியது! இவ்வமைப்பில் மண்ணை ஆழமாக வெட்டவும் தேவையில்லை.

வெட்டுவதில்தான் உயிர் இருக்கிறது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூலையில் வயநாட்டில் நேர்ந்தது இன்னும் கொடியது. எல்லாச் சரிவுக்கும் வீடே காரணம் என்பது பிழை. ஆயினும், செங்குத்தாக வெட்டிய மண்ணும் அடைபட்ட ஓடையும் ஆபத்தைப் பெருக்குகின்றன. நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு விதிக்கப்பட்டதைக் குறைகூறுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். தாங்குசுவர் எவ்வளவு தடித்ததாயினும், பின்னே தேங்கும் நீர் வெளியேறத் துளைகள் இல்லையேல் அது ஒருநாள் சாயும்.

தண்ணீரின் வழியில் வீடு நின்றால் என்னாகும் என்பதை மறைமலை நகரிலும் தாம்பரத்திலும் வாழ்வோர்க்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் முடிச்சூர்த் தெருக்களில் படகு போயிற்று. சமவெளியில் வெள்ளம் ஏறி வரும். மாடிக்குப் போக நேரமிருக்கும். மலையிலோ மண்ணோடு சேர்ந்து இறங்கி வரும்.

ஆகவே, மலையில் மனை வாங்க விரும்புவோர் சித்திரை வெயிலில் காட்சி பார்த்து முன்பணம் கொடுப்பதைவிட, ஐப்பசி மழையில் ஒருநாள் குடைபிடித்து அங்கே நின்று பார்ப்பது நல்லது. நீர் எவ்வழி இறங்குகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, பாட்டியின் கட்டிலை அவ்வழிக்கு அப்பால் முதலில் வரையட்டும். மற்ற அறைகளைப் பிறகு வரைந்துகொள்ளலாம்.